பஸ் நிறுத்தத்தில் கிடக்கும் பெரியவர்: கையெழுத்துப் போட்டால் வம்பு வருமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில், எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் பத்து நாட்களாகப் படுத்திருக்கிறார். வலது காலில் பெரிய புண். ஈ மொய்க்கிறது, நாற்றமும் வருகிறது. 108-ஐ அழைத்தேன். வந்தவர்கள், 'கூட யார் வருகிறீர்கள்?' என்று கேட்டார்கள். போலீஸ், கோர்ட், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது தலையில் விழுமோ என்று பயந்து பின்வாங்கிவிட்டேன். வண்டியும் போய்விட்டது. இப்போது காப்பகம் நடத்துவதாகச் சொல்லும் ஒருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் அவரை அழைத்துப் போய்விடுவதாகவும், என் பெயர் எங்கும் வராது என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மனிதரை மறுபடி தொலைபேசியில் அழைக்கவும் வேண்டாம். இன்றைக்கே, முடிந்தால் பகலிலேயே, மீண்டும் 108-ஐ அழையுங்கள். கூடப் போங்கள். கேட்டால் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தலையில் எதுவும் விழாது.

நீங்கள் பயப்படும் கையெழுத்து என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒருவரைச் சேர்க்கும்போது, 'அழைத்து வந்தவர்' என்று பதிவேட்டில் ஓர் இடம் இருக்கும். அதில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்படும். அவ்வளவுதான். அதனால் நீங்கள் அவருக்குக் காப்பாளராகவோ உறவினராகவோ ஆகிவிட மாட்டீர்கள். 'தெருவில் கண்டேன், உறவு இல்லை' என்று தெளிவாகச் சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். 108 இலவசம். அரசு மருத்துவமனையில் அவருக்கான சிகிச்சையும் இலவசம். ஆதரவற்ற ஒருவரைச் சேர்க்கும்போது மருத்துவமனையிலிருந்து காவல் துறைக்குத் தகவல் போவது வழக்கம். பெரிய மருத்துவமனைகளில் புறக்காவல் நிலையமே உள்ளே இருக்கிறது. அங்கிருந்து ஒரு காவலர் வந்து, எங்கே பார்த்தீர்கள், எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குச் சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அது. உங்கள் பெரியவர் விபத்தில் அடிபட்டவர் அல்லர், அதனால் அந்தப் பிரிவு இங்கே தேவைப்படவே இல்லை. அவரைச் சேர்ப்பதில் வழக்கு எழுவதற்கே இடம் இல்லை.

இனி அந்த 'கூட யார்?' என்ற கேள்வி. இதைக் கேட்டால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. மயங்கிக் கிடக்கும் விபத்துக்காரரை இதே 108 யாரும் கூட வராமலேயே ஏற்றிச் செல்கிறது. ஆகவே உடன் ஆள் வருவது நிபந்தனையாக இருக்க முடியாது. வண்டியில் வரும் இளைஞர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடைபாதையில் கிடந்தவரைக் கொண்டுபோய் இறக்கினால், 'அட்டெண்டர் எங்கே?' என்று அவசரப் பிரிவில் அவர்களைத்தான் நிறுத்தி வைப்பார்கள். வார்டில் சோறு ஊட்டவும் துணி மாற்றவும் சொந்தக்காரர் இருப்பார் என்று நம்பித்தான் நம் மருத்துவமனைகள் நடக்கின்றன. சொந்தக்காரர் இல்லாதவர் அங்கே ஒரு சிக்கலாகிவிடுகிறார். போலீஸ் நடைமுறை, படுக்கை இல்லை என்று காரணம் காட்டி உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலும் 1996இலும் சொல்லிவிட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் கேள்வி மாறவில்லை.

அதனால் அழைக்கும்போது சொல்லும் சொல் முக்கியம். 'பிச்சைக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார்' என்று சொல்லாதீர்கள். 'முதியவர், காலில் சீழ் பிடித்த புண், நாற்றம் அடிக்கிறது, எழுந்து நடக்க முடியவில்லை' என்று சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தால், பேச்சு குழறினால், புண்ணில் புழு தெரிந்தால் அதையும் சேருங்கள். முதல் வாக்கியத்தைக் கேட்பவர் ஒரு சமூகப் பிரச்சினையைக் கேட்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் ஒரு நோயாளியைக் கேட்கிறார். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை புண்ணைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள்.

இப்போது அந்த 8,000 ரூபாய்க்காரர்.

அரசு மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தவன் நான். இப்படிப்பட்டவர்களை வாசலிலும் பார்த்திருக்கிறேன், வார்டுக்குள்ளும் பார்த்திருக்கிறேன். கனிவாகப் பேசுவார்கள். அவர்கள் விற்கும் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: 'உங்கள் பெயர் எங்கும் வராது'. உங்கள் பெயர் வராது என்றால் அந்தப் பெரியவரின் பெயரும் எங்கும் வராது என்று பொருள். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லாமல், எந்தக் காவல் நிலையத்துக்கும் தெரியாமல் ஒரு மனிதர் உங்கள் தெருவிலிருந்து மறைந்துபோவார். நாளை அவர் மகன் தேடி வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் சொல்வதுதான் பெரியவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பை எடுத்துவிடுகிறது.

நல்ல காப்பகங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தெருவில் நின்று விலை பேசுவோர் அவர்களில் இல்லை. அப்படி விலை பேசுவோரிடம் பதிவுச் சான்று கேட்டால் டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டுவார்கள். டிரஸ்ட் பதிவு வேறு, காப்பகம் நடத்த அனுமதி வேறு. இந்த ஒரு குழப்பத்தை வைத்தே பலர் பிழைக்கிறார்கள். மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்தால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். அவரே மறுபடி அழைத்தால், 'நாளைக்கு வந்து பார்க்கலாமா?' என்று கேளுங்கள். 'எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள்' என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு உங்களுக்கு அழைப்பே வராது. அழைத்துப் போனவரை முதலில் வீடியோ எடுப்பார்கள். தாடி மழிப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அதில் வரும். அதைக் காட்டி வெளிநாட்டிலிருந்துகூடப் பணம் திரட்டுவார்கள். அதன் பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். அதன் பிறகும் பாடம் படித்தோமா? 2023இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், முறையான அனுமதி இல்லாமல் இயங்கிய ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அந்த விவகாரம் வெளியே வந்ததே, அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் தேடத் தொடங்கியதால்தான். தேட ஆள் இல்லாதவர்களின் கதை எப்படி வெளியே வரும்? இதனால்தான் ஒருவரை யாரிடம் ஒப்படைத்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று மன்றாடுகிறேன். பெரியவரின் முகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். இந்த ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் இடம் கண்டுபிடித்து வருகிறார்கள். மருத்துவமனை வாசலில், 'இங்கே பெட் இல்லை, வேறு நல்ல இடம் இருக்கிறது' என்று சொல்லும் தனியார் ஆம்புலன்ஸ்காரரும் இதே வகைதான். காது கொடுக்காதீர்கள்.

அவர் வர மறுத்தால்? மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. தெருவில் இருப்பதால் யாரும் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை. நாளைக்கு ஒரு தேநீரோடு போய் மறுபடி கேளுங்கள். பலர் மூன்றாம் நாளில் சம்மதிப்பார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் பொதுமக்களும் காவலர்களும் சேர்ந்தே இதில் தவறுகிறார்கள். மனநோய் இருப்பதாகத் தோன்றும் ஒருவர், தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் தெருவில் திரிந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 100ஆவது பிரிவின்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமற்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. 'மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வாருங்கள்' என்று இன்னும் சில நிலையங்களில் சொல்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை. அந்தச் சட்டம் போய்விட்டது. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அதே சமயம் அழுக்கு வேட்டி, சடைமுடி, தனக்குள் முணுமுணுப்பு, இவை மனநோய்க்குச் சான்று அல்ல. பத்து நாள் சோறும் தூக்கமும் இல்லாமல் வெயிலில் கிடந்தால் நானும் முணுமுணுப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. காலில் அழுகிய புண் உள்ள முதியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், அது கிருமி ரத்தத்தில் பரவியதால் இருக்கலாம், சர்க்கரை ஏறியதாலோ இறங்கியதாலோ இருக்கலாம். அவரை 'மெண்டல்' என்று முத்திரை குத்தி நேராகக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தால், இங்கும் அங்கும் அலைந்து உயிரே போய்விடும். உங்கள் பெரியவர் எப்படிப் பேசினாலும் முதலில் பொது மருத்துவமனைதான். மனநல மருத்துவர் அங்கேயே வந்து பார்ப்பார்.

புண் ஆறிய பிறகு எங்கே போவார் என்பதுதான் நம் ஏற்பாடு நொறுங்கும் இடம். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. பெருநகர சென்னை மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களைக் கொண்டு வீடற்றோர் காப்பகங்களை இலவசமாக நடத்துகிறது. அவை தங்கும் இடங்கள், மருத்துவமனைகள் அல்ல. திறந்த புண்ணோடு, படுத்த படுக்கையாக இருப்பவரை வைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. 'குணமானதும் கொண்டு வாருங்கள்' என்று காப்பகம் சொல்கிறது. 'குணமாகிவிட்டது, கூட்டிப் போங்கள்' என்று வார்டு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரத்துக்குப் பொறுப்பான துறை எது என்று என் பணிக்காலம் முழுவதும் கேட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை நான் இல்லாதபோது, காலில் கட்டோடு ஒருவரை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அவரை அவருடைய பழைய நடைபாதையிலேயே, மழையில் நனைந்த கட்டோடு பார்த்தேன்.

ஆகவே சேர்த்த மறுநாளே வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டு, அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே மாநகராட்சிக் காப்பகத்தில் இடம் கேட்டுக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை அவரிடம் கொடுங்கள். சென்னைக் காவல் துறை 2021 முதல் 'காவல் கரங்கள்' என்ற பெயரில் ஆதரவற்றோரை மீட்டு, குடும்பத்தோடோ காப்பகத்தோடோ சேர்க்கும் பணியைச் செய்கிறது. 100-ஐ அழைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. மூன்று இடத்தில் பதிவாகட்டும். ஓர் இடம் கைவிட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

ஆளுக்கு ஒரு எண் என்று இத்தனை எண்களை ஒரு குடிமகள் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பது சரியல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அந்தப் புண் காத்திருக்காது.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் அவருடைய வயது, புண், ஈ, நாற்றம் எல்லாம் இருக்கின்றன. பெயர் இல்லை. வண்டியை அழைத்துவிட்டு, அது வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து பெயரையும் ஊரையும் கேளுங்கள். ஊர்ப் பெயர் பிடிபடாவிட்டால் பக்கத்தில் எந்தக் கோயில், எந்த ரயில் நிலையம் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுச் சீட்டைப் பதிவேடு எழுதுபவரிடம் நீங்களே கொடுங்கள். இல்லையென்றால் முதல் வரியில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 70' என்று எழுதிவிடுவார்கள்.