வாசகர் கேள்வி-பதில்: சிங்கப்பூர் மதிலில் மோதிய கார்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் ரேஸ் பற்றியவை. ஃபோர்மியூலா 1 ஓட்டுனர் மாஸா லண்டனில் வழக்குப் போட்டதிலிருந்தே திருகோணமலைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறது. அதனால் மற்றதையெல்லாம் (மின்கட்டணம் பற்றி எழுதியவர் மன்னிக்க) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை முடித்துவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கும் அக்காவின் கணவருக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டை. 2008இல் ஃபோர்மியூலா 1 சம்பியன் ஹமில்டன் இல்லை, மாஸாதான், சிங்கப்பூரில் அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் அத்தான். எனக்கு அப்போது நான்கு வயது. உண்மையில் என்ன நடந்தது? கப் யாருக்குச் சேர வேண்டும்?
— உவர்மலை வாசகர்

பதில்: தம்பி, ஏமாற்று நடந்தது என்பதில் அத்தான் சொல்வது சரி. கப் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2008 செப்டெம்பர் 28, சிங்கப்பூர் மரீனா பே வீதிகளில் ஃபோர்மியூலா 1இன் முதல் இரவுப் பந்தயம். முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் ஃபெராரியின் பிலிப்பே மாஸா. ரெனோ அணியின் பெர்னாண்டோ அலொன்சோ பயிற்சியில் நல்ல வேகம் காட்டியும், புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் கார் பழுதாகி நின்றுவிட்டதால் 15ஆவது இடம். வீதிப் பந்தயத்தில் முந்துவது கஷ்டம், அதனால் அவ்வளவு பின்னாலிருந்து தொடங்குகிறவர் தாங்கியை நிரப்பிக்கொண்டு நீண்ட நேரம் நிற்காமல் ஓடத்தான் பார்ப்பார் (அப்போது நடுவில் நின்று பெற்றோல் நிரப்பலாம், 2010இலிருந்துதான் தடை). ரெனோ இதற்கு நேர்மாறாகக் குறைந்த பெற்றோலுடன் அலொன்சோவை அனுப்பி, 12ஆவது சுற்றிலேயே உள்ளே கூப்பிட்டு நிரப்பிவிட்டது. பார்த்தவர்களுக்கு இது பைத்தியக்கார வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

14ஆவது சுற்றில் அதே அணியின் மற்றக் கார், நெல்சன் பிக்கே ஜூனியர் ஓட்டியது, 17ஆவது வளைவு தாண்டி மதிலில் மோதியது. பக்கத்தில் காரைத் தூக்கி எடுக்கக் கிரேன் இல்லாத இடம். பாதையைச் சரிசெய்யும் வரை எல்லாரையும் பின்னால் மெதுவாக ஓட்டிப் போகும் சேஃப்டி கார் வந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் அந்தக் கால விதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேஃப்டி கார் வந்தவுடன் பெற்றோல் நிரப்ப உள்ளே போகும் பிட் பாதையை மூடிவிடுவார்கள், எல்லாக் கார்களும் வரிசையாகச் சேர்ந்த பிறகுதான் திறப்பார்கள். விபத்து நடந்த இடத்தைத் தாண்டி யாரும் அவசரப்பட்டுப் பிட்டுக்கு ஓடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் தாங்கி வறண்டுகொண்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ரொஸ்பேர்க், குபிட்சா என்ற இரண்டு ஓட்டுனர்களும் வேறு வழியில்லாமல் மூடியிருந்த பிட்டுக்குள் போய்த் தண்டனை வாங்கினார்கள். மற்றவர்கள் திறந்ததும் ஒரேயடியாக உள்ளே குவிந்தார்கள். ஏற்கெனவே நிரப்பியிருந்த அலொன்சோ வெளியே நின்று ஒவ்வொருவராக மேலே ஏறி, கடைசியில் பந்தயத்தையே வென்றார்.

மாஸாவுக்கு என்ன ஆனது என்றால், பிட்டில் பெற்றோல் குழாய் காரிலேயே மாட்டியிருக்க ஃபெராரி பச்சை விளக்கைப் போட்டுவிட்டது. அவர் குழாயைப் பிய்த்து இழுத்துக்கொண்டு பிட் பாதையின் முடிவு வரை போய் நின்றார், மெக்கானிக்குகள் பின்னால் ஓடினார்கள். முடிவில் 13ஆவது இடம், புள்ளி இல்லை. ஹமில்டனுக்கு மூன்றாவது இடம், 6 புள்ளி. ஆண்டு முடிவில் ஹமில்டன் 98, மாஸா 97. சிங்கப்பூரைக் கணக்கிலிருந்து எடுத்தால் ஹமில்டன் 92, மாஸா அதே 97. உங்கள் அத்தான் விரலை மடக்கிக் காட்டுவது இந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டு நடுவில் ரெனோ பிக்கேயை வெளியே அனுப்பியது. அவர் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.விடம் போய், அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாத்தோரேயும் பொறியியலாளர் பட் சைமண்ட்ஸும் சொல்லித்தான் வேண்டுமென்று மோதினேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். காரின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வைக்கும் டெலிமெட்ரி பதிவும், பின் ரயர் வழுக்கத் தொடங்கிய பிறகும் அவர் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை என்று காட்டியது. 2009 செப்டெம்பரில் ரெனோவுக்கு இரண்டு ஆண்டு ஒத்திவைத்த தடை, பிரியாத்தோரேக்குக் காலவரையறையில்லாத தடை, சைமண்ட்ஸுக்கு ஐந்து ஆண்டு. பந்தய முடிவை மட்டும் யாரும் தொடவில்லை. ஆண்டிறுதிப் பரிசளிப்பு முடிந்தால் அந்த ஆண்டின் முடிவுகள் முடிந்ததுதான் என்பது எஃப்.ஐ.ஏ.வின் நிலைப்பாடு. நேரத்தோடு செய்தால் முடியும் என்பதற்கு உதாரணமும் உண்டு: 1997இல் ஹெரேஸ் பந்தயத்தில் போட்டியாளர் வில்னெவ்வை இடித்ததற்காக ஷூமாக்கரை அந்த நவம்பரிலேயே சம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆகவே முழு வழக்கும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: மேலிடத்துக்கு எப்போது தெரியும்? 2023இல், அந்தக் காலத்தில் ஃபோர்மியூலா 1ஐ நடத்திய பேர்னி எக்கிள்ஸ்டன் ஒரு ஜெர்மன் தளத்துக்குக் கொடுத்த பேட்டியில், தனக்கும் அன்றைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மாக்ஸ் மோஸ்லிக்கும் 2008இலேயே விஷயம் தெரியும் என்ற பொருளில் பேசிவிட்டார். பிறகு அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை என்றார். மோஸ்லி 2021இல் காலமாகிவிட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை. இதை வைத்துத்தான் மாஸா 2024இல் எஃப்.ஐ.ஏ., ஃபோர்மியூலா 1 நிர்வாகம், எக்கிள்ஸ்டன் மூன்று தரப்பு மீதும் லண்டனில் வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம், மாஸா தன்னைச் சம்பியனாகியிருக்க வேண்டியவர் என்று அறிவிக்கச் சொன்ன பகுதியைத் தள்ளிவிட்டு, மூடி மறைக்கச் சதி செய்தார்கள் என்ற பகுதியை விசாரணைக்கு விட்டது.

எனக்கு அது சரியான தீர்ப்பாகத்தான் படுகிறது. புலமைப்பரிசில் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானால் அந்தத் தாளை ரத்துச் செய்யலாம், அதற்காக இரண்டாவது வந்த பிள்ளையைக் கூப்பிட்டு முதலாமிடத்தைக் கொடுக்க முடியாது. சிங்கப்பூருக்குப் பிறகு ஜப்பான், சீனா, பிரேசில் என்று மூன்று பந்தயம் இருந்தது. பிரேசிலில் ஹமில்டன் ஐந்தாவது வந்தால் போதும் என்று கணக்குப் போட்டு ஓட்டினார், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் குளொக் என்ற ஓட்டுனரைத் தாண்டி அதை எடுத்தார். 6 புள்ளி குறைவு என்று தெரிந்திருந்தால் அந்த மனிதர் வேறு மாதிரி ஓட்டியிருப்பார், எல்லாருமே வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். அதோடு குழாயை மறந்தது ஃபெராரிதானே, ரெனோ இல்லையே. ஆனால் தெரிந்தும் டிசம்பர் வரை வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நிரூபணமானால், மாஸாவுக்கு ஒரு பெரிய தொகை கொடுத்தே ஆக வேண்டும். அதில் நான் அத்தான் பக்கம்.

கேள்வி: அலொன்சோவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பச் சொல்கிறீர்களா அண்ணா?
— ஒரு ஆசிரியை, பாலையூற்று

பதில்: எஃப்.ஐ.ஏ. விசாரித்து, அவருக்குத் தொடர்பில்லை என்று முடிவு செய்தது. 15ஆவது இடத்திலிருந்து குறைந்த பெற்றோலோடு போகச் சொன்னபோது இரண்டு முறை சம்பியனான ஒருவர் ஏன் என்று கேட்கவில்லையா என்று எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு, டீச்சர். ஆனால் உறுத்தல் சாட்சி ஆகாது. அடுத்த பந்தயத்தை ஜப்பானில் அவர் அணித் தோழர் மதிலில் மோதாமலே வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: தடை விதித்தார்களே, அந்த இரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள்?
— தம்பலகாமம் வாசகர்

பதில்: நன்றாக இருக்கிறார்கள். 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் தடைகளை ரத்துச் செய்து, பிரியாத்தோரேக்கு 15,000 யூரோ நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. சைமண்ட்ஸ் பிறகு ஃபோர்மியூலா 1 நிர்வாகத்திலேயே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தார். பிரியாத்தோரே 2024இல் அல்பைன் அணிக்கு ஆலோசகராக வந்தார். அல்பைன் என்றால் பழைய ரெனோதான், பெயர்ப் பலகையை மாற்றியிருக்கிறார்கள். மதிலில் மோதிய பையன்தான் ஃபோர்மியூலா 1 பக்கம் திரும்பி வரவில்லை.

கேள்வி: நான் கராஜ் வைத்திருக்கிறேன், கார் பற்றிக் கொஞ்சம் தெரியும். வீதியில் நடக்கும் பந்தயங்களில்தான் ஏன் இவ்வளவு சர்ச்சை? மற்ற மைதானங்களில் கார் சுழன்று வெளியே போனாலும் ரேஸ் பாட்டுக்கு நடக்கிறதே.
— கிண்ணியா வாசகர்

பதில்: வெளியே போக இடம் இருப்பதால்தான் அது நடக்கிறது. மொனாக்கோ, சிங்கப்பூர், பாகு போன்ற இடங்களில் வீதி ஓரத்திலேயே கொங்கிரீட் கட்டையும் வலையும். ஒரு கார் நின்றால் பாதையே அடைபடும். அப்படியென்றால் ஒரே ஒருவர் நினைத்தால் எல்லாருடைய ஓட்டத்தையும் நிறுத்திவிடலாம், சர்ச்சைக்கு இது போதாதா? 2006 மொனாக்கோ தகுதிச் சுற்றில் ஷூமாக்கர் ரஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திவிட, பின்னால் வந்த அலொன்சோவின் நேரம் கெட்டது. வேண்டுமென்றே செய்தார் என்று தீர்மானித்து அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். 2014இல் அதே ஊரில் ரொஸ்பேர்க் மிராபோ வளைவில் வழிதவறிப் போனபோது ஹமில்டனின் முகம் போன போக்கைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ரொஸ்பேர்க்கைக் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, நீங்கள் ரசிக்கக்கூடியது: நிலத்தடிக் குழி மூடிகள். இந்தக் கார்களின் அடிப்பாகம் வீதியோடு ஒட்டிப் போகும், அடியில் உண்டாகும் உறிஞ்சல் மூடியையே தூக்கிவிடும். அதனால் பந்தயத்துக்கு முன் எல்லாவற்றையும் வெல்ட் அடித்து இறுக்குவார்கள். 2019இல் பாகுவில் ரஸலின் கார் அப்படி உடைந்தது. 2023 லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சைன்ஸின் ஃபெராரி ஒரு மூடியில் அடிபட்டு நாசம். அதைவிடக் கொடுமை, புது பட்டரி போட்டதற்கு விதிப்படி அவருக்கே பத்து இடம் பின்தள்ளும் தண்டனை! நகரசபை மூடி கழன்றதற்கு ஓட்டுனர் என்ன செய்வார்?

கேள்வி: சென்னையில் கடற்கரை வீதியில் ஃபோர்மியூலா 4 நடத்தினார்கள். திருகோணமலையில் உட்துறைமுக வீதி, டொக்யாட் வீதி எல்லாம் எவ்வளவு அழகு. இங்கே நடத்தினால் உல்லாசப் பயணிகள் குவிய மாட்டார்களா?
— அன்புவழிபுரம் வாசகர்

பதில்: ஆசை நல்லதுதான். இலங்கையில் வீதி ரேஸ் புதிதும் அல்ல, நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஆனால் சென்னைக் கதையை முழுக்கப் பாருங்கள். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றர். 2023 டிசம்பரில் நடக்க இருந்தது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அரசாங்கக் காசு ஏன் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2024 ஓகஸ்ட் 31 அன்று மழையால் எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் தாமதமாக, நீதிமன்றம் நேரத்தை நீட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. மறுநாள் தெருநாய் ஒன்று பாதைக்குள் புகுந்துவிட்டது. நமக்கு நாயோடு மானும் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டையிலிருந்து பஸ் நிலையப் பக்கம் வரை உலாவுகிற மானுக்கு யார் கொடி காட்டுவது?

விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு உண்மையான பயம் வேறு. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸில் பாதையை விட்டு விலகிய கார் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குள் போனதில் ஏழு பேர் இறந்தார்கள். அது வீதிப் பந்தயமும் இல்லை, ஒற்றை இருக்கைக் காரும் இல்லை. அதற்கே அந்த நிலை. வீதிப் பந்தயம் என்றால் இரண்டு பக்கமும் கொங்கிரீட் கட்டை, மேலே வலை, ஒவ்வொரு வளைவிலும் கிரேன், மூடிக்கு மூடி வெல்ட். அதற்கெல்லாம் காசு எண்ணி வைத்துவிட்டு வருகிறவர் இருந்தால் நானே கடிதம் எழுதி ஆதரவு சொல்கிறேன். கொடியையும் கயிற்றையும் கட்டிவிட்டு ரேஸ் என்று சொல்கிறவரை ஊருக்குள் விடாதீர்கள். துறைமுகப் பக்க வீதியைக் கடற்படை மூன்று நாள் மூடித் தருமா என்பது இன்னொரு கதை.

கேள்வி: சிங்கப்பூர் ரேஸ் இங்கே எத்தனை மணிக்கு? ஹோட்டலில் பெரிய திரை போடலாம் என்று யோசனை.
— நிலாவெளி

பதில்: அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்கினால் நமக்கு மாலை 5.30. பந்தயம் இரண்டு மணி நேர வரம்புக்குள் முடிய வேண்டும், ஆனால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினால் அந்த நேரம் இதில் சேராது. மழையும் சேஃப்டி காரும் வந்து சிங்கப்பூர் அந்த வரம்பை 2017இலும் 2022இலும் தொட்டிருக்கிறது. ஆகவே இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குப் பிறகு வையுங்கள், அதற்கு முன் ஒருவரும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள்.