எலிக்காய்ச்சலா, எலியிடமிருந்து வந்த வேறு காய்ச்சலா?

கேள்வி: தம்பிக்கு 34 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு, பல மாதமாகப் பூட்டிக் கிடந்த குடோனைப் பெருக்கினான். பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், இடுப்பு வலி. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் சிறுநீர் குறைந்துவிட்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.8 (அதிகம்), ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 60,000 (குறைவு), சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். டெங்கு இல்லை. எலி மூலம் வரும் வைரஸ் என்று சந்தேகிக்கிறார்கள். எலிக்காய்ச்சலைத்தான் சொல்கிறார்களா? பயாப்ஸி (சிறுநீரகத்தில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டுமா?

பதில்: இல்லை, இரண்டும் வேறு. நாம் எலிக்காய்ச்சல் என்பது லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவால் வருவது. உங்கள் மருத்துவர்கள் சந்தேகிப்பது ஹான்டா வைரஸ். காய்ந்த எலி மூத்திரமும் புழுக்கையும் தூசியோடு எழும்பி மூச்சில் போனாலே தொற்றிவிடும். குடோனைப் பெருக்கியதைச் சொன்னீர்களே, அதுதான் பெரிய துப்பு. பல நோயாளிகள் கேட்டால்தான் சொல்வார்கள்.

அறிகுறிகள் வந்த வரிசையைப் பாருங்கள். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் சிறுநீரகம் படுக்கிறது, பிளேட்லெட் சரிகிறது, புரதம் திடீரென்று கொட்டுகிறது. ஹான்டாவுக்குப் பொருந்தும் படம்தான். ஆனால் லெப்டோவும் ஏறக்குறைய இதே வேஷத்தில் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, தாமதித்தால் ஆபத்து. அதனால் முடிவுக்குக் காத்திராமல் அதைத் தொடங்கியிருந்தால் குழம்பாதீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

உறுதி செய்ய ரத்தத்தில் ஹான்டாவுக்கான ஐஜிஎம் சோதனை போதும்; தொற்றை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது அது. சிறுநீரகம் பாதிக்கப்படும் கட்டத்தில் அது பெரும்பாலும் பாசிட்டிவாகிவிடும். நெகட்டிவ் என்றால் சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை, நோயின் முதல் சில நாட்களில்தான் அதிகம் உதவும். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருந்தால் கோளாறு பழையது. இந்த நோயில் சரியான அளவிலோ கொஞ்சம் வீங்கியோ இருக்கும்.

பயாப்ஸி? இந்தப் பிளேட்லெட்டோடு ஊசி குத்தினால் ரத்தம் கசியலாம். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தேவையே இராது.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். சிறுநீர் வரட்டும் என்று தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுக்காதீர்கள், நுரையீரலில் கோத்துக்கொள்ளும். சிலருக்குக் கொஞ்ச நாள் டயாலிசிஸ் தேவைப்படும். பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடும். அப்புறம் ஒருநாள் சிறுநீர் லிட்டர் கணக்கில் போகத் தொடங்கும். அன்றைக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், பொட்டாசியமும் சோடியமும் இறங்கும் நேரம் அது.