வெந்தயம் கசக்கும் நாள்

கேள்வி: பாரிஸ் லா சப்பலில் பலசரக்குக் கடை நடத்தும் யாழ்ப்பாணப் பெண்ணை வைத்து நாவல் எழுதுகிறேன். அவள் கையால் நிறுத்துக் கொடுக்கும் சரக்கு வாங்குபவரின் துயரைத் தீர்க்கும். ஆனால் அவள் காதலித்தால் அந்தச் சக்தி போய்விடும். ஏழு அத்தியாயம் முடிந்தது. வாசித்தவர்கள் "மந்திரக்கதை மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே பிழை?
- வாசகி, சுன்னாகம்

பதில்: உங்கள் பாத்திரங்கள் மாயத்தைக் கண்டு வியக்கிறார்கள் போலிருக்கிறது. மாய யதார்த்தத்தில், அதாவது மாயமும் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகவே வரும் கதைகளில், பெரும்பாலும் யாரும் வியப்பதில்லை. கடைக்கு வந்தவருக்கு மாயமும் அரிசி விலையும் ஒன்றுதான். "திடீரென்று", "அதிசயமாக" என்று வரும் இடங்களையெல்லாம் வெட்டிவிடுங்கள்.

அடுத்தது, மாயத்துக்கு அளவு வேண்டும். கறித்தூளையே எடுங்கள். 1 கிலோ செத்தல் மிளகாய், 1 கிலோ மல்லி, மிளகும் பெருஞ்சீரகமும் 100 கிராம் வீதம், வெந்தயம் 50 கிராம் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் பதமாகும் என்பதால் தனித்தனியாகத்தான் வறுப்பார்கள். வெந்தயம் பொன்சிவப்பில் இறங்க வேண்டும். கருகினால் முழுத்தூளும் கசக்கும், பிறகு எவ்வளவு மல்லி சேர்த்தாலும் மீளாது. இதை முதல் அத்தியாயத்திலேயே வாசகர் பார்த்திருக்கட்டும். பிறகு ஒருநாள் அதே தாச்சி, அதே நெருப்பு, வெந்தயமும் பொன்சிவப்பிலேயே இறங்குகிறது. மறுநாள் ஒரு வாடிக்கையாளர் பையைத் திருப்பிக் கொண்டுவந்து, "அக்கா, இந்தமுறைத் தூள் கசக்குது, வெந்தயம் கருகிப்போச்சோ?" என்று கேட்கட்டும். அவள் பதில் சொல்ல வேண்டாம். அவள் காதலிக்கிறாள் என்று நீங்களும் எழுத வேண்டாம்.

பெரிய பிழை தடையில் இருக்கிறது. சக்தி போய்விடும் என்பது மட்டும் போதாது. நம் வாசகருக்கு இதைவிடப் பழகிய தடைகள் உண்டு. அவன் வேறு சாதி என்றால், தாயின் சம்மதத்துக்கு அவள் என்ன செய்வாள்? பிரான்சில் அகதியாக ஏற்கப்பட்டவருக்கு 10 வருட கார்த் (வதிவிட அட்டை) கிடைக்கும், பயணப் பத்திரமும் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அவளும் அப்படி வந்தவள் என்றால், ஊருக்குப் போய்த் தாயின் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வழியில்லை. கதை 1990களில் என்றால் தொலைபேசி அட்டையில் நிமிடம் கரைந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சண்டை நடக்கும். சக்தி போய்விடும் என்ற தடையும் தாயின் மறுப்பும் ஒரே காட்சியில் முட்ட வேண்டும். அட்டை முடிந்து அழைப்பு அறுகிற நேரத்தில், அடுப்பில் வெந்தயம் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம்: லா சப்பல் கடையில் சரக்கு வாசம் மட்டும் இல்லை. கருவாடு, உறைநிலைப் பெட்டியின் இரைச்சல், ஈரக் குடைகள் எல்லாம் உண்டு. இவை இல்லாவிட்டால் உங்கள் கடை யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிடும்.