மைக்ரோவேவ் அவனின் சுழல்தட்டு மோட்டாரை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அவனில் சூடு வருகிறது, ஆனால் தட்டு சுழலவில்லை என்றும், கிடைக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் எதை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அவை ஒன்றுபோல இருப்பதில்தான் இருக்கிறது. முதன்முறை நான் வாங்கிய மோட்டார், உருவத்திலும் திருகுத் துளைகளின் இடைவெளியிலும் பழையதோடு அப்படியே பொருந்தியது. மாட்டிய பிறகோ தட்டு அசையவே இல்லை. பழைய மோட்டாரின் பிசுக்கைத் துடைத்து லேபிளைப் படித்தபோதுதான் அது 21 வோல்ட் மோட்டார் என்பதும், நான் வாங்கியது 220–240 வோல்ட் என்பதும் தெரிந்தன. இதுவே தலைகீழாக, 21 வோல்ட் மோட்டாருக்கு வீட்டு மின்சாரம் நேரடியாகப் போயிருந்தால் அதன் சுருள் கருகியிருக்கும்.

ஆகவே பழைய மோட்டாரைக் கழற்றி லேபிளைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். 21, 30, 120, 220–240 என வெவ்வேறு வோல்ட்டுகளில் இவை வருகின்றன. அதற்கு அடுத்தபடியாகத் தண்டைக் கவனியுங்கள். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். தட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் இணைப்பு அதில்தான் செருகப்படுகிறது. தண்டின் உயரம் சில மில்லிமீட்டர் குறைந்தாலும் இணைப்பு சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். லேபிளில் உள்ள சுழற்சி வேகம் பெரும்பாலும் நிமிடத்திற்கு 2.5/3 அல்லது 5/6 என்றிருக்கும். முதல் எண் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்சாரத்துக்கும் அடுத்தது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் உரியவை.

உண்மையில் மோட்டார்தான் பழுதா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தட்டுக்கு அடியிலுள்ள உருளை வளையத்தில் அழுக்கு சேர்ந்தாலோ, பிளாஸ்டிக் இணைப்பு தேய்ந்தாலோ நல்ல மோட்டாரும் தட்டைச் சுழற்றாது. மல்டிமீட்டரில் அளக்கும்போது 220–240 வோல்ட் மோட்டாரின் சுருள் பல ஆயிரம் ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். சுருள் நன்றாக இருந்தும் தட்டு நின்று நின்று சுழன்றால், உள்ளே பற்சக்கரம் உடைந்திருக்கலாம்.

கழற்றும் வேலையில் ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். அவனின் மேல் உறையைத் திறக்காதீர்கள். உள்ளேயுள்ள உயர் அழுத்த மின்தேக்கி (கெப்பாசிட்டர்), பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பல மாடல்களில் அதற்குத் தேவையும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடித் தட்டை வெளியே எடுத்து, அவனைப் பக்கவாட்டில் சாய்த்தால், அடித்தகட்டில் மோட்டாருக்கு நேராக ஒரு சிறு பகுதி மூன்று நான்கு மெல்லிய இணைப்புகளால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவற்றைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் மோட்டார் கைக்கு எட்டும். வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஒயர்களையும் டெர்மினலைப் பிடித்தே உருவுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் வெட்டிய தகட்டைத் திரும்பவும் வைத்துத் திருகாணியால் மூட வேண்டும். பல மாடல்களில் அதைத் திருப்பி வைப்பதற்கென்றே துளை விட்டிருக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஓட்டிப் பாருங்கள். தட்டு ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழன்றால் தவறாக மாட்டிவிட்டதாக எண்ண வேண்டாம். மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் இவ்வகை ஒத்தியங்கு (synchronous) மோட்டார்கள் எந்தத் திசையிலும் புறப்படக்கூடியவை.