புள்ளி வைக்கவா, கேள்விக்குறி போடவா? ஆங்கில வாக்கியம் பற்றிச் சில கேள்விகள்

ஆங்கில வாக்கியத்தில் எது குழப்பம் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளைவிட அம்மாமார்தான் அதிகம் அனுப்பியிருக்கிறார்கள். நான் ஹட்டனில் மாலை வகுப்பு எடுப்பவள், இருபது வருசமாக இதே பிழைகளுக்குத்தான் சிவப்புக் கோடு போடுகிறேன், அதனால் கேள்விகளைப் பார்த்ததும் கொப்பிகளே கண்முன் வந்துவிட்டன. ஆங்கில எழுத்து ஓடாத அம்மாமாரும் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டதால் உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுங்கள், நம் தமிழில் அந்தச் சமாச்சாரம் இல்லாததால் இங்கே காட்ட வழியில்லை.

பொகவந்தலாவை, தரம் 7 மாணவி: மிஸ், வாக்கியம் நாலு வகை என்று பாடமாக்கிட்டேன். ஆனால் வாக்கியத்தைத் தந்தால் எது எந்த வகை என்று கண்டுபிடிக்க வரவில்லை.

பாடமாக்கியது போதும் மகள், ஒரே விசயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள். காலையில் பஸ்சுக்கு நிற்கிறீர்கள். 'த பஸ் இஸ் லேட்.' தகவல் சொல்கிறது, செய்தி வாக்கியம், கடைசியில் முற்றுப்புள்ளி. 'இஸ் த பஸ் லேட்?' அதே நாலு சொல்தான், 'இஸ்' மட்டும் முன்னுக்கு ஓடி வந்துவிட்டது, அதனால் கேள்வி. 'வெய்ட் ஃபோர் த பஸ்.' யாரையோ ஒன்றைச் செய்யச் சொல்கிறது, கட்டளை. 'ஹவ் லேட் த பஸ் இஸ்!' அலுப்பு, உணர்ச்சி வாக்கியம்.

இப்போது கடைசி உதாரணத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'ஹவ் லேட் இஸ் த பஸ்?' என்றால் எவ்வளவு நேரம் பிந்துது என்று கேட்கிறீர்கள். 'ஹவ் லேட் த பஸ் இஸ்!' என்றால் அம்மாடி, எவ்வளவு லேட் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். இரண்டிலும் ஒரே சொற்கள்தான், 'இஸ்' எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். தமிழில் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ஆ' ஒட்டினால் கேள்வியாகிவிடும்: பஸ் வந்துச்சு, பஸ் வந்துச்சா. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, சொல்லை இடம் மாற்றித்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'ஐ ஹேட் திஸ் பஸ்!' என்று கத்தினால் அது எந்த வகை? பள்ளிக்கூடப் பயிற்சிகளில் குறியைப் பார்த்து உணர்ச்சி வாக்கியம் என்று போடச் சொல்வார்கள். கறாரான இலக்கணத்தில் அது செய்தி வாக்கியம்தான், குரல்தான் உயர்ந்திருக்கிறது. பரீட்சைக்கு உங்கள் வகுப்பு டீச்சர் சொன்னபடி எழுதுங்கள், சண்டை வேண்டாம்.

மஸ்கெலியா, ஒரு அம்மா: மகன் 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ லிவ்ஸ்?' என்று எழுதினதுக்குக் கேள்விக்குறியில் பிழை போட்டிருக்காங்க. 'வேர்' என்றால் எங்கே தானே? எங்கே என்று வந்தால் கேள்வி இல்லையா மிஸ்?

வந்த கேள்விகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். நீங்களே தமிழில் சொல்லிப் பாருங்கள் அக்கா: 'அவரு எங்க இருக்காருன்னு தெரியாது.' உள்ளே 'எங்க' இருக்கிறது, ஆனால் நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, தெரியாது என்று தகவல்தான் சொல்கிறீர்கள். அந்தக் கேள்வியை 'ன்னு' என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். ஆங்கிலத்திலும் அதே கதை. வெளி வாக்கியம் 'ஐ டோன்ட் நோ', அது செய்தி, ஆகவே முற்றுப்புள்ளி. கடைசிக் குறியை முடிவு செய்வது எப்போதும் வெளி வாக்கியம்தான்.

அதையே 'டூ யூ நோ வேர் ஹீ லிவ்ஸ்?' என்று எழுதினால் கேள்விக்குறி கட்டாயம், ஏனென்றால் இப்போது வெளியில் நிற்பதே கேள்வி. உள்ளே இருக்கும் துண்டு இரண்டிலும் மாறவில்லை பாருங்கள், 'வேர் ஹீ லிவ்ஸ்'. நேராகக் கேட்கும்போது மட்டும் 'வேர் டஸ் ஹீ லிவ்?' என்று 'டஸ்' வந்து குந்தும். பெட்டிக்குள் போனதும் அந்த 'டஸ்' கழன்றுவிடும். மகன் அதைச் சரியாக எழுதியிருக்கிறான், அதற்கு நான் என்றால் ஒரு சரி போட்டிருப்பேன். சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகளே 'ஐ டோன்ட் நோ வேர் டஸ் ஹீ லிவ்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

தலவாக்கலை, சாதாரண தரம் எழுதப் போகும் மாணவர்: நீளமான வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரிக்கத் தெரியவில்லை. முதல் சொல்தானே எழுவாய்?

முதல் சொல் என்று யார் சொன்னது தம்பி? முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள், பிறகு 'யார், எது' என்று அதனிடமே கேளுங்கள். 'த விமன் இன் த டொப் டிவிஷன் ப்ளக் டீ இன் த ரெய்ன்.' வினை எது? 'ப்ளக்', கொழுந்து எடுக்கிறது. எடுப்பது யார்? 'த விமன் இன் த டொப் டிவிஷன்', மேல் டிவிசன் பெண்கள், அந்த முழுத் துண்டும் எழுவாய். மிச்சமெல்லாம் பயனிலை. பயனிலைக்குள் 'எதை' என்று கேட்டால் 'டீ', அது செயப்படுபொருள். 'இன் த ரெய்ன்' எங்கே எப்படி என்று சொல்லும் கூடுதல் தகவல், அதை வெட்டினாலும் வாக்கியம் நிற்கும்.

பரீட்சையில் காலை வாருகிற இடம் இது: 'த பாஸ்கட்ஸ் ஒஃப் த வுமன்' என்று ஆரம்பித்தால் அடுத்து 'இஸ்' வருமா 'ஆர்' வருமா? பக்கத்தில் நிற்கும் 'வுமன்' ஒருமை என்று பார்த்துப் பாதிப் பேர் 'இஸ்' போடுவார்கள். பாரமாக இருப்பது கூடைகள், அந்த அம்மா இல்லை. ஆகவே 'ஆர் ஹெவி'.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தமிழில் 'நாய் வாட்சரைக் கடித்தது' என்றாலும் 'வாட்சரை நாய் கடித்தது' என்றாலும் கடி வாங்கியது வாட்சர்தான், அந்த 'ஐ' உருபு எங்கே போனாலும் அவரைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் உருபு இல்லை. 'த டோக் பிட் த வாட்சர்' என்பதைத் திருப்பி 'த வாட்சர் பிட் த டோக்' என்று எழுதினால் ஊசி போடவேண்டியது நாய்க்கு!

நுவரெலியா, தரம் 6 மாணவி: 'ரெய்ன் இஸ் ரெய்னிங்' பிழையாம். மழை பெய்யுது என்பதை வேறு எப்படி எழுதுவது?

'இட் இஸ் ரெய்னிங்.' அந்த 'இட்' யார் என்று கேட்காதீர்கள், யாருமில்லை. உங்கள் ஊரில் கதவைத் திறந்ததும் 'குளிருது' என்கிறோம், ஒரே சொல், முழு வாக்கியம். ஆங்கிலம் எழுவாய்க் கதிரையை வெறுமையாக விடாது, உட்கார ஆளில்லை என்றால் 'இட்' என்று ஒரு பொம்மையையாவது உட்கார வைக்கும். 'இட் இஸ் கோல்ட்.' ஒன்று இருக்கிறது என்று சொல்வதற்கு 'தேர்' என்ற இன்னொரு பொம்மை உண்டு: 'தேர் இஸ் எ லீச் ஒன் யுவர் ஃபுட்.' காலில் அட்டை. (இதைச் சொன்னால் வகுப்பில் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள், அதற்குப் பிறகு மறப்பதே இல்லை.)

பண்டாரவளை, பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: நான் வேலைக்கான நேர்முகத்துக்குப் போனேன். 'மை ஃபாதர் சுப்பர்வைசர்' என்று சொன்னதும் சிரித்தார்கள். என்ன பிழை?

சிரித்தது அவர்கள் பிழை. உங்கள் வாக்கியத்தில் குறைவது 'இஸ் எ' இரண்டும்தான்: 'மை ஃபாதர் இஸ் எ சுப்பர்வைசர்.' 'அப்பா சுப்பர்வைசர்' என்பது தமிழில் குறையே இல்லாத வாக்கியம். எழுவாய்க்குப் பயனிலையாக வினையும் வரும், பெயரும் வரும், வினாவும் வரும் என்று நன்னூலே சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது, பெயர் மட்டும் பயனிலையாக நிற்காது, ஒரு வினைச்சொல் கட்டாயம். செய்வதற்கு வேலை ஒன்றுமில்லாவிட்டாலும் 'இஸ்', 'ஆம்', 'ஆர்' இவற்றில் ஒன்று வந்தே ஆக வேண்டும். நீங்கள் தமிழில் யோசித்தீர்கள், அவ்வளவுதான்.

கொட்டகலை, ஒரு இளம் ஆசிரியை: கட்டளை வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளியா, ஆச்சரியக்குறியா? பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மூன்று ஆச்சரியக்குறி போடுகிறார்கள்.

'ஓப்பின் யுவர் புக்ஸ்.' இதற்குப் புள்ளி. 'ஸ்டொப்!' மண் சரியும்போது கத்துவது, இதற்கு ஆச்சரியக்குறி. ஒன்று போதும், மூன்று வாட்சப்புக்கு. கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ஒன்றுகூட வேண்டாம்.

ஆனால் மரியாதைதான் இதைவிடப் பெரிய சிக்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய முதல் லீவுக் கடிதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'கிவ் மீ டூ டேஸ் லீவ்.' என் மனதில் 'ரெண்டு நாள் லீவு தாங்க' என்றுதான் இருந்தது, பணிவாகத்தான் எழுதினேன். அலுவலகத்தில் இருந்த கிளார்க் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, 'என்ன, பெரியவருக்கே ஓடரா?' என்று கேட்டார். முகம் சிவந்துபோய் நின்றேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. 'தாங்க' என்பதில் இருக்கிற அந்த 'ங்க' ஆங்கிலத்தில் இல்லை, அதுதான் விசயம். 'கிவ்' என்பது தா, தாங்க, தாருங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மரியாதை வேண்டுமென்றால் கட்டளையைக் கேள்வியாக மாற்ற வேண்டும்: 'குட் யூ ப்ளீஸ் கிவ் மீ டூ டேஸ் லீவ்?' வடிவம் கேள்வி, ஆகவே கேள்விக்குறி.

கட்டளை வாக்கியம் மலையகத்துக்குப் புதிதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்டதற்கு முன்னால், கோப்பிக் காலத்திலேயே தோட்டத் துரைமார் வாயிலிருந்து நம் ஆட்கள் கேட்டதெல்லாம் அந்த வகைதான், அதுவும் தமிழில். சின்னத் துரைமார் தமிழ் படிக்க அச்சிட்ட ஒரு கைப்புத்தகத்தின் பெயரே 'இங்கே வா'. 'வாங்க' இல்லை, வெறும் 'வா' என்பதைக் கவனியுங்கள்.

பதுளை, ஒரு அப்பா: மகள் யூடியூபில் பார்த்துவிட்டு முற்றுப்புள்ளியை 'பீரியட்' என்கிறாள். 'மிஸ்டர்' என்ற சுருக்கத்துக்குப் பின்னால் புள்ளி உண்டா?

'பீரியட்' அமெரிக்கர் சொல்வது, நம் பள்ளிக்கூடங்களில் 'ஃபுல் ஸ்டொப்'. 'மிஸ்டர்' சுருக்கத்துக்கு அமெரிக்கர் புள்ளி வைப்பார்கள், பிரித்தானியர் இப்போது பெரும்பாலும் வைப்பதில்லை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். வாக்கியம் புள்ளி வைத்த சுருக்கத்தில் முடிந்தால் இன்னொரு புள்ளி வேண்டாம், இருப்பது போதும்.

ஹாலிஎல, உயர்தர மாணவி: என் கட்டுரைகளில் 'வாக்கியம் முடியவில்லை' என்றும் 'இரண்டு வாக்கியம் ஒட்டிவிட்டது' என்றும் மாறி மாறி எழுதித் தருகிறார்கள். இரண்டு பிழையும் எப்படி ஒரே ஆளுக்கு வரும்?

வரும், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். தமிழில் நாம் 'விடிய எழும்பி, பீலியில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பஸ் ஏறி, ஸ்கூலுக்கு வந்தேன்' என்று இழுத்துக்கொண்டே போகலாம், கடைசியில் வரும் 'வந்தேன்' ஒன்றுதான் முற்று, அதுவரை எல்லாம் எச்சம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஐ கொட் அப், ஐ வொஷ்ட் மை ஃபேஸ், ஐ ட்ரேங்க் டீ' என்று கொமா போட்டு ஒட்டுகிறீர்கள். அங்கே ஒவ்வொன்றும் எழுவாயும் முற்று வினையும் உள்ள முழு வாக்கியம், கொமாவுக்கு அவற்றைக் கட்டிப்போடும் பலமில்லை. புள்ளி வையுங்கள், அல்லது ஒரு எழுவாய்க்குக் கீழே அடுக்கிக் கடைசிக்கு முன் 'அன்ட்' போடுங்கள்: 'ஐ கொட் அப், வொஷ்ட் மை ஃபேஸ் அன்ட் ட்ரேங்க் டீ.'

மற்றது இதற்கு நேர்மாறு. 'பிகோஸ் த பஸ் வொஸ் லேட்.' என்று புள்ளி வைத்து நிறுத்துகிறீர்கள். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, முழுசு மாதிரித் தெரியும். ஆனால் 'பஸ் லேட் ஆனதால்' என்று சொல்லிவிட்டு ஒருவர் வாயை மூடிக்கொண்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா, 'ஆனதால்?' என்று கேட்கமாட்டீர்களா? அந்தக் கேள்வி வந்தால் வாக்கியம் முடியவில்லை. 'பிகோஸ் த பஸ் வொஸ் லேட், ஐ வோக்ட்.' இப்போது முடிந்தது.

நானுஓயா, தரம் 5 மாணவன்: மிஸ் 'தேங்க் யூ' எந்த வகை வாக்கியம் அதில் எழுவாய் எங்கே

'ஐ தேங்க் யூ' என்பதில் 'ஐ' தேய்ந்துபோய் மிச்சமானது அது, மகன். எழுவாய் நீங்கள்தான், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறீர்கள். செய்தி வாக்கியத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், எழுதும்போது புள்ளி. உங்கள் கேள்வியின் கடைசியில்தான் ஒரு குறியையும் காணோம்.