தூண்டில் பதில்கள்: மணி எத்தனை, நரம்பு எவ்வளவு நீளம்?

*மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் கெலோனாவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒகநாகன் ஏரியில் கோக்கனி மீன் பிடிப்பதென்றால் உயிர். போன கோடையில் நானும் அவரோடு படகில் போனேன். அங்கே கடையில் லூர் (செயற்கை இரை) விற்கிற விலையைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை நாமே கட்டி எடுத்துப்போகலாம் என்று லாங்கு பஜாரில் மணி, மெல்லிய பித்தளைத் தகடு எல்லாம் வாங்கிக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக வந்திருக்கிறது. ஆனால் தொட்டித் தண்ணீரில் இழுத்தால் கட்டை மாதிரி நேராக வருகிறது. எங்கே கோளாறு?*
– வாசகர், குடியாத்தம்

நீங்கள் கட்டியதில் பெரிய கோளாறு இருக்காது. அதற்கு முன்னால் வர வேண்டிய டாட்ஜர் இல்லை, அதுதான் விஷயம். மாப்பிள்ளையின் படகில் பார்த்திருப்பீர்கள், தூண்டில் நரம்பில் முதலில் 4 முதல் 6 அங்குலம் நீளத்தில் லேசாக வளைந்த ஒரு பளபளப்பான தகடு, அதற்குப் பின்னால்தான் லூர். படகு மெல்லப் போகும்போது அந்தத் தகடு இடமும் வலமுமாக ஆடும். பின்னால் கட்டிய ரப்பர் கணவாய்க்கு (கணவாய் மாதிரிப் பாவாடை விரித்த ரப்பர் லூர்) சொந்தமாக எந்த ஆட்டமும் கிடையாது, தகடு வெட்டி இழுப்பதில்தான் அது துள்ளுகிறது. தகடு இல்லாமல் இழுத்தால் நேராகத்தான் வரும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கோக்கனி நம்ம விரால் சாதி இல்லை. கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வளர்ந்து, பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் இலையுதிர் காலத்தில் சிவந்து முட்டையிட்டுச் செத்துப்போகிற சாக்கை சால்மன் அது. சாப்பாடு பெரும்பாலும் டாஃப்னியா மாதிரிப் பொடி மிதவை உயிரிகள். தவளையையோ குட்டி மீனையோ துரத்தி விழுங்கிப் பிழைக்கிற மீன் இல்லை. அப்படிப்பட்டது ஒன்றரை அங்குல இளஞ்சிவப்பு ரப்பரை ஏன் கடிக்க வேண்டும்? கூட்டத்துக்குள் பளிச்சென்று ஏதோ ஆடிக்கொண்டு புகுந்தால் எரிச்சலில் கொத்துகிறது என்பதுதான் அதைப் பிடிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆகவே நீங்கள் லூரின் அழகுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை ஆட்டத்துக்குச் செலவழியுங்கள்.

டாட்ஜரை எவர்சில்வர் தகட்டில் வெட்டலாம். ஓரமெல்லாம் அரத்தால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நரம்பை அறுத்துவிடும். இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு வளையம் மாட்டி, முன்பக்கம் ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழன்று கொடுக்கிற இணைப்பு). வளைவு எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. கொஞ்சம் வளைத்து, தண்ணீரில் இழுத்துப் பார்த்து, மறுபடி வளைத்து என்றுதான் சரிக்கு வரும். இருபுறமும் அடித்து ஆட வேண்டும், முழுச் சுற்று சுற்றக் கூடாது. சுற்றினால் வளைவு அதிகம் அல்லது வேகம் அதிகம். கோக்கனிக்குப் படகின் வேகம் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர் வரைதான், மெல்ல நடக்கிற வேகம்கூடக் கிடையாது, அந்த வேகத்தில் ஆடுகிற தகடுதான் நமக்கு வேண்டும். ஏரியில் ஒவ்வொரு தடவை நரம்பை இறக்கும் முன்னாலும் படகின் ஓரத்திலேயே தகட்டையும் லூரையும் தண்ணீரில் விட்டு ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள் மாப்பிள்ளையை.

அடுத்தது டாட்ஜருக்கும் லூருக்கும் நடுவே இருக்கும் நரம்பின் நீளம். கட்டுகிற பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ரப்பர் கணவாய்க்கு 8 முதல் 12 அங்குலம் போதும். நீளம் கூடினால் தகட்டின் வெட்டு நரம்பிலேயே தளர்ந்து கரைந்துவிடும், லூருக்கு வந்து சேராது. அதே காரணத்துக்காகத்தான் மெல்லிசு நரம்பும் இங்கே உதவாது. 10 முதல் 15 பவுண்டு தாங்குகிற, கொஞ்சம் விறைப்பான நரம்பாக இருக்கட்டும். சுழலும் தகடு வைத்த லூருக்குச் சொந்த ஆட்டம் உண்டு, அதற்கு 12 முதல் 18 அங்குலம் வரை விடலாம்.

சரி, கட்டுவதற்கு வருவோம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முள், 4 அல்லது 6 எண். நரம்பின் கடைசி முனையில் முதல் முள்ளைக் காம்பைச் சுற்றி ஆறேழு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அதற்கு ஒரு அங்குலமோ ஒன்றேகாலோ மேலே அதே நரம்பில் இரண்டாவது முள், அதே கட்டு. முடிச்சை இறுக்கும் முன்னால் எச்சில் தொட்டு ஈரப்படுத்திவிட்டு இறுக்குங்கள், காய்ந்தபடி இழுத்தால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். அப்புறம் மணி. 4 மில்லிமீட்டர் மணி நாலைந்து கோர்த்து, அதற்கு மேல் சுழலும் தகட்டை மாட்டுகிற கிளெவிஸ். மணி வெறும் அழகுக்கு இல்லை. தகடு சுழலும்போது அதன் வால் முள்ளின் காதில் இடித்தால் நின்றுவிடும், இடிக்காத தூரத்துக்குத் தகட்டைத் தூக்கி வைப்பதுதான் மணியின் வேலை. மேல் முள்ளின் காதைப் பிடித்துக்கொண்டு தகட்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள், நுனி இடித்தால் இன்னொரு மணி சேர்க்க வேண்டியதுதான். கணவாய் கட்டினால் அதே மணி உள்ளே ஒளிந்திருந்து, முள் எவ்வளவு தூரம் பின்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும். பின் முள் பாவாடையின் ஓரத்தோடு நிற்கட்டும். கோக்கனி வாலைத்தான் கொத்தும், முள் உள்ளே போய் ஒளிந்திருந்தால் கொத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

முள் கூராக இருக்கிறதா என்பதைக் கட்டை விரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தீட்டுங்கள், நகத்தைப் பற்றினால் சரி. இந்த மீனின் வாய் அவ்வளவு மென்மை, முள் எளிதாகக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கடித்ததும் விராலுக்கு வெட்டுகிற மாதிரி கம்பை வெட்டி இழுத்தால் உதடுதான் மிஞ்சும். வளைந்து கொடுக்கிற மெல்லிய கம்பு, தளர்த்தி வைத்த ரீல், பக்கத்தில் வலை, இவை மூன்றும் இல்லாமல் நீங்கள் எவ்வளவு நல்ல லூர் கட்டினாலும் பிரயோசனம் இல்லை.

முள்ளில் வெள்ளை மக்காச்சோளம் ஒன்றிரண்டு மணி குத்துவார்கள், சூரை மீன் எண்ணெயிலோ பூண்டிலோ ஊற வைத்து. ஒரு முள்ளுக்கு ஒன்று போதும், அதிகம் குத்தினால் ஆட்டம் போச்சு. ஆனால் அங்கே ஏரிக்கு ஏரி சட்டம் வேறு. இரை போடலாமா, எத்தனை முள், எத்தனை மீன் எடுக்கலாம் என்பதை மாப்பிள்ளை அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பார்த்துவிடட்டும்.

*பித்தளைத் தகட்டுக்கு நகப் பூச்சு அடிக்கலாமா? எந்த நிறம் எடுபடும்?*
– வாசகி, ஆற்காடு

தாராளமாக அடிக்கலாம். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, முதலில் வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்த பிறகு நிறம், கடைசியில் நிறமில்லாத பூச்சு. வெள்ளை அடிக்காமல் நேரே அடித்தால் பித்தளை மஞ்சள் உள்ளிருந்து வந்து நிறத்தைக் கெடுத்துவிடும். கோக்கனிக்கு இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கிளிப்பச்சையும்தான் பேர்போனவை. ஆனால் தண்ணீரில் ஆழம் போகப் போக முதலில் மறைகிற நிறம் சிவப்பு. கோடையில் மேல் தண்ணீர் சூடானதும் இந்த மீன் 10 முதல் 12 டிகிரி குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடும், அங்கே சாதா சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். அதனால் ஃப்ளோரசன்ட் வகைப் பூச்சாகப் பார்த்து வாங்குங்கள். இருட்டில் ஒளிர்கிற பூச்சு கிடைத்தால் ஆழத்துக்கு அது இன்னும் நல்லது.

*இதே டாட்ஜர் செட்டை காவேரிப்பாக்கம் ஏரியில் விராலுக்கு இழுக்கலாமா?*
– வாசகர், பாணாவரம்

வேண்டாம். ஏரிக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் செட்டுதான் போய்விடும். கோக்கனி நடுத்தண்ணீரில், எந்தத் தடையும் இல்லாத ஆழத்தில் கூட்டமாகத் திரிகிற மீன், அதனால்தான் இரண்டு முள்ளையும் திறந்து வைத்து இழுக்க முடிகிறது. விரால் இருப்பது கோரையிலும் தாமரைக் கொடியிலும். அங்கே திறந்த முள்ளை இழுத்தால் பத்தடிக்குள் பாசியைச் சுமந்துகொண்டு வரும். விராலுக்கு முள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும் தவளை லூர்தான், கரையிலிருந்து எறிந்து இலை மேல் துள்ளத் துள்ள இழுக்க வேண்டும். வாயும் எலும்பு வாய், மீன் தவளையை வாங்கி உள்ளே போனபிறகு ஒரு நொடி பொறுத்து நன்றாக வெட்டுங்கள். மேலே கோக்கனிக்குச் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ்.

மோர்தானா மாதிரி அணையில், கொடி இல்லாத திறந்த தண்ணீரில் ஒற்றை முள்ளோடு சுழல் தகட்டை எறிந்து இழுத்துப் பார்க்கலாம், டாட்ஜர் வேண்டியதில்லை. குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் மேல் செந்நிறப் பொடிக் குஞ்சுகள் பந்து மாதிரித் திரண்டு கொதித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அதற்குக் கீழே தாய் தகப்பன் விரால் காவலுக்கு நிற்கிறது. அந்த இடத்தில் என்ன போட்டாலும் பாய்ந்து கடிக்கும், அதைப் பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சு மொத்தமும் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்விடும். தயவு செய்து லூரைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போங்கள்.

*ஏலகிரியும் குளிர்ச்சியான மலைதானே? அங்கே புங்கனூர் ஏரியில் கோக்கனி குஞ்சு விட்டு வளர்க்க முடியாதா?*
– வாசகர், ஜோலார்பேட்டை

முடியாது. முடிந்தாலும் கூடாது. நமக்கு ஏலகிரி குளுகுளு என்றாலும் அந்த மீனுக்கு அது வெந்நீர். நீலகிரி உயரத்தில்தான் இன்னொரு குளிர்நீர் மீனான டிரவுட்டே நின்றது, அதற்கும் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் கட்டி ஓடும் குளிர்நீர் கொடுக்க வேண்டியிருந்தது.

கூடாது என்பதற்குக் காரணம் ஒகநாகன் ஏரியிலேயே இருக்கிறது. மீன்களுக்குத் தீனியாகட்டும் என்று 1966இல் அங்கே மைசிஸ் என்ற பொடி இறால் வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ கோக்கனி தின்கிற மிதவை உயிரிகளையே தின்னத் தொடங்கியது. பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் மேலே வந்து மேய்ந்ததால் மீனுக்கும் சிக்கவில்லை. முட்டையிடும் ஓடைகள் கெட்டதும் சேர்ந்துகொண்டு, கோக்கனி குறைந்து குறைந்து 1995இல் அங்கே அதைப் பிடிப்பதையே நிறுத்தி வைக்கும்படி ஆனது. நம்ம பக்கத்தில் 1952இல் வந்த ஜிலேபி மீன் இன்று எந்த ஏரியில் இல்லை, சொல்லுங்கள்.

*கனடாவுக்கு விமானத்தில் முள், ஈயக்குண்டு எடுத்துப்போகலாமா?*
– வாசகர், சத்துவாச்சாரி

கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வையுங்கள். முள் முனையெல்லாம் தெர்மோகோலில் குத்தி டப்பாவில் போட்டு ஒட்டிவிடுங்கள், பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கையைக் கிழிக்கக் கூடாது. சோளம், புழு, காய்ந்த இறால் எதுவும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம், எல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஈயத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டு போட்டு மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. அறுந்து விழுகிற சின்னக் குண்டைக் கூழாங்கல் என்று விழுங்கி லூன் என்கிற நீர்ப்பறவைகள் விஷமேறிச் சாகின்றன. டங்ஸ்டனிலும் வெள்ளீயத்திலும் செய்த குண்டு அங்கே கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடத்தான்.