கொல்லைக்குள் நெற்றி விளக்கு: வாசகர் கேள்வி பதில்

மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடிந்து கொல்லைகள் வெறுமையாகும் மாதங்களில் முயலும் பன்றியும் ஒதுங்க இடமின்றி வேலியோரமாக நடமாடும். அவற்றின் பின்னாலேயே வேட்டைக்காரர்களும் பட்டா நிலத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் காட்டை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் நாலு ஏக்கர் மாந்தோப்பு காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. நிலவில்லாத ராத்திரிகளில் நாலைந்து பேர் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு நாய்களோடு வருகிறார்கள். ஒருவர் கையில் நாட்டுத் துப்பாக்கி. கேட்டால், "முயல் அடிக்க வந்தோம், உங்க மாங்காயையா பறிச்சோம்?" என்கிறார்கள். நேரில் போய்த் தடுக்கலாமா? (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: போகாதீர்கள். நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தையும் இரும்புக் குண்டுகளையும் குழல் வாய் வழியாகக் கெட்டிப்பார்கள். கெட்டித்ததைச் சுடாமல் இறக்குவது சுலபமல்ல. அதனால் ராத்திரி முழுக்கக் கெட்டித்த துப்பாக்கியோடுதான் நடப்பார்கள். தடுக்கி விழுந்தாலும் வெடிக்கும். குண்டுகள் சிதறிப் பாயும். இன்னொன்று, இருட்டில் அவர்கள் உருவம் பார்த்துச் சுடுவதில்லை, வெளிச்சத்தில் மின்னும் கண்ணைப் பார்த்துச் சுடுகிறார்கள். களத்தில் கட்டிய கன்றின் கண்ணும் அப்படியே மின்னும். புதரைத் தாண்டி வரும் நீங்கள் அவர்கள் கண்ணுக்கு வெறும் அசைவுதான்.

செய்ய வேண்டியது இது. வீட்டு வெளிவிளக்கையும் பம்பு செட் கொட்டகை விளக்கையும் போடுங்கள். ஆள் விழித்திருப்பது தெரிந்தாலே பெரும்பாலும் கானாற்றுப் பக்கம் இறங்கிவிடுவார்கள். மாடு கன்றை உள்ளே ஓட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் இருந்தபடியே 100 அல்லது 112க்குப் பேசுங்கள். அடுத்து வனச்சரக அலுவலகத்துக்கு. இரண்டும் வேண்டும். துப்பாக்கியும் அத்துமீறலும் காவல்துறை வேலை, விலங்கு வனத்துறை வேலை. ஒருவரிடம் மட்டும் சொன்னால் அவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இடமாகிவிடும். உங்கள் சரகத்தின் வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர் மூவரின் எண்களையும் பகலிலேயே அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சேமித்து வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த எண்ணைத் தேடிப் பயனில்லை.

போனில் கதை சொல்ல நேரம் இருக்காது. ஊர், சர்வே எண், அருகில் உள்ள அடையாளம் (கோயில், ஏரிக்கரை, டிரான்ஸ்பார்மர்), எத்தனை பேர், துப்பாக்கி கண்ணில் பட்டதா அல்லது சத்தம் மட்டும் கேட்டதா, எந்தத் திசையில் நகர்கிறார்கள், வண்டி எங்கே நிற்கிறது. இவ்வளவு போதும். வண்டி நிற்கும் இடத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஆளைக் காட்டுக்குள் தேடிப் பிடிப்பது கடினம். வண்டியை எடுக்க அவர் எப்படியும் திரும்பி வந்தாக வேண்டும்.

"நாமே பிடித்துக் கொடுக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் தனிநபரும் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40வது பிரிவு சொல்கிறது. பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் மரத்தில் கட்டி வைத்து அடித்தால் அன்றைக்கே வழக்கு திசை மாறிவிடும்: வேட்டைக்காரர் புகார்தாரர், நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர். துப்பாக்கி உள்ள இடத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

விடிந்ததும் ஊரைக் கூட்டிக்கொண்டு தோப்பை மிதித்துவிடாதீர்கள். காலடித் தடம், ரத்தம், முடி, இறகு, குழலில் அடைக்கும் துணி அல்லது நார்த் துண்டு ஆகியவற்றைத் தொடாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். தடத்தின் மேல் ஒரு அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்தால் நாயும் கோழியும் கலைக்காது. செத்த முயல் கிடந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. அது யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39வது பிரிவு.

கேள்வி: புகார் கொடுக்கப் போனால் "எல்லைத் தகராறா? வி.ஏ.ஓ.விடம் போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி எழுதுவது? (காட்பாடி வாசகர்)

பதில்: புகாரின் முதல் வரியிலேயே கோளாறு இருந்திருக்கும். "என் நிலத்தில் நுழைந்தார்கள்" என்று தொடங்கினால் அது எல்லைப் பிரச்சினை போலத்தான் ஒலிக்கும். வெறுமனே நிலத்தில் கால் வைப்பது குற்ற அத்துமீறல் ஆகாது. குற்றம் செய்யும் நோக்கமோ, நிலத்தை அனுபவிப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் நோக்கமோ இருக்க வேண்டும். வேட்டையே குற்றம் என்பதால் வேட்டையாடும் நோக்கமே இங்கே குற்றம் செய்யும் நோக்கம் ஆகிறது. ஆகவே "இன்ன தேதி, இன்ன நேரம், வேட்டையாடும் நோக்கத்துடன், துப்பாக்கியுடன் என் அனுபவத்தில் உள்ள சர்வே எண் இன்னதில் நுழைந்தார்கள்" என்று எழுதுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329வது பிரிவில் குற்ற அத்துமீறலுக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கனமான சட்டம் மற்றது. வன உயிரினச் சட்டப்படி பொதுவாக 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மயில், உடும்பு, எறும்புத்தின்னி போன்ற முதல் பட்டியல் உயிர்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும். எனவே அதே புகாரை வனச்சரகருக்கும் தனியாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பட்டா நகலும் புல வரைபடமும் இணையுங்கள். எல்லைக் கல் சாய்ந்தோ புதைந்தோ கிடந்தால் முதலில் பணம் கட்டி சர்வேயரை அழைத்து அளந்துவிடுவது நல்லது. "அது புறம்போக்கு" என்ற ஒரு பேச்சில் பல புகார்கள் செத்துப்போகின்றன. புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வழக்கே பதிய மறுத்தால், அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்; சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கேள்வி: வேலி ஓரம் பைக் கிளட்ச் வயரில் சுருக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்டின் கால் மாட்டிக்கொண்டது. கண்டவுடன் பிடுங்கி எறிந்துவிடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: எறியாதீர்கள். கம்பிதான் சாட்சி. வைத்த இடத்திலேயே முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம், முளைக்குச்சியில் கட்டிய முடிச்சு தெரிய ஒரு படம். பிறகு வனக்காப்பாளருக்குத் தகவல். அவர் வருவதற்குள் மேய்ச்சல் மாடு வந்துவிடும் என்றால் மட்டும் எடுத்து, ஒரு கவரில் போட்டு, இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.

ஒரு சுருக்கு கண்ணில் பட்டால் அங்கே ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வரிசையாகத்தான் வைப்பார்கள். தேடுவதற்கு நல்ல நேரம் வெயில் சாய்வாக விழும் காலை ஏழு, ஏழரை. சூரியனை எதிரே வைத்து மெல்ல நடந்தால் கம்பி பளிச்சிடும். முயலுக்கு வைத்தது தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கும். பன்றிக்கும் மானுக்கும் முழங்கால் உயரம். கம்பியைவிட அதைச் சுற்றி நடந்த வேலைதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்: புதிதாக வெட்டிய முளைக்குச்சி, காரணமில்லாமல் வளைந்து நிற்கும் செடி, விலங்கை ஒரே சந்துக்குத் திருப்ப இருபுறமும் செருகிய முள் கிளை. வேலியில் முடி ஒட்டிய ஓட்டைகளையும், கானாற்றுக்கு இறங்கும் ஒற்றையடித் தடங்களையும் வாரத்துக்கு இருமுறையாவது பாருங்கள்.

மாட்டிய ஆட்டை இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். ஒருவர் ஆட்டை அணைத்துப் பிடிக்க, மற்றவர் முளைப் பக்கம் கம்பியை வெட்டித் தளர்த்திய பின்பே காலில் உள்ள வளையத்தை எடுக்க வேண்டும். சாதாரண கத்தி முறுக்குக் கம்பியில் ஏறாது; கட்டிங் பிளேயரை இடுப்பில் வைத்திருங்கள். மேல் தோல் சின்னக் கோடு போலத் தெரிந்தாலும் உள்ளே தசை அறுந்திருக்கலாம். ரத்த ஓட்டம் நின்ற கால் இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கும். அன்றைக்கே கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழைத்து கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாட்டியது பன்றியோ சிறுத்தையோ என்றால் கிட்டே போகாமல், ஆட்களையும் நாயையும் விலக்கி, வனத்துறைக்குச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை.

கேள்வி: பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்த வெடியை) கடித்து மாட்டின் வாய் சிதறிவிட்டது. இன்னும் எங்கேயாவது கிடக்குமோ என்று பயமாக இருக்கிறது. (ஆலங்காயம் வாசகர்)

பதில்: பயப்பட வேண்டிய விஷயமேதான். எலுமிச்சை அளவு உருண்டை, நூலோ துணியோ சுற்றி, மேலே கொழுப்போ மாவோ பழமோ பூசியிருக்கும். உள்ளே உள்ள வெடிமருந்து உராய்ந்தாலே, அழுத்தினாலே வெடிக்கும். குச்சியால் தள்ளுவது, தண்ணீர் ஊற்றுவது, மண்ணைப் போட்டு மூடுவது எதுவும் கூடாது. வந்த வழியிலேயே பின்வாங்கி, தூரத்தில் ஒரு துணியை அடையாளமாகக் கட்டி, 100க்குச் சொல்லுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள்தான் எடுக்க வேண்டும். இது வெடிபொருள் சட்ட வழக்கு, காவல்துறை தட்டிக்கழிக்க முடியாது. அந்தப் பகுதி சோதிக்கப்படும் வரை மேய்ச்சல் வேண்டாம். பிள்ளைகளை இலந்தைப் பழம், விறகு பொறுக்க அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மாடு இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்கு முன் புதைத்துவிடாதீர்கள். மருத்துவர் சான்றும் முதல் தகவல் அறிக்கையும் இல்லாமல் காப்பீட்டுத் தொகை கேட்பது கடினம். கால்நடையைக் கொல்வதும் ஊனமாக்குவதும் நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனைக்குரியது. புகாரில் இதையும் சேருங்கள்.

கேள்வி: பன்றித் தொல்லை தாங்காமல் பக்கத்துக் கொல்லைக்காரரே வேட்டைக்காரர்களைக் கூப்பிடுகிறார். அவர் நிலத்தில் அவர் அனுமதித்தால் சரிதானே? (பேரணாம்பட்டு வாசகர்)

பதில்: சரியல்ல. நிலம் அவருடையது, பன்றி அவருடையதல்ல. கூப்பிட்டவரும் கறியில் பங்கு வாங்கியவரும் வழக்கில் சேர்வார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நடைமுறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவருக்கும் அந்த உரிமம் வேட்டை அனுமதி ஆகாது. பயிர் அழிந்த அன்றே படம் எடுத்து, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். பன்றியால் அவர் படும் நஷ்டம் பொய்யில்லை; ஆனால் அவர் கூப்பிட்ட ஆட்கள் அடுத்த வாரம் கூப்பிடாமலே உங்கள் வேலியைத் தாண்டுவார்கள்.

கேள்வி: மலைவாழ் மக்களுக்கு வேட்டை உரிமை உண்டு என்கிறார்களே? (அணைக்கட்டு வாசகர்)

பதில்: இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிவழியான பல உரிமைகளை ஏற்கிறது. வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. அதே சமயம், புகாரில் யாருடைய சாதியையோ மலையையோ யூகித்து எழுதாதீர்கள். கண்ணால் கண்ட ஆள், உடை, வண்டி எண், நாயின் நிறம் இவற்றை மட்டும் எழுதுங்கள். டவுனிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் இருக்க, பழி மலைக்காரர் மேல் விழுவது அநியாயம். உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடுவார்.

கேள்வி: வேலியில் லேசாக கரண்ட் விட்டால் என்ன? (வாசகர், பள்ளிகொண்டா)

பதில்: "லேசான" கரண்ட் என்று ஒன்று மின்கம்பத்திலிருந்து வருவதில்லை. 230 வோல்ட் விடாமல் பாயும். ஈரத் தரையில் வெறுங்காலோடு தொட்டவர் கையை எடுக்க முடியாமல் சாவார். யாருக்காக வைத்தீர்களோ அவர் வராமல், அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆளே மாட்டுவார். அது கொலைக்கு நிகரான வழக்கு. சோலார் வேலி துடிப்புத் துடிப்பாகக் கணநேரம் மட்டுமே மின்சாரம் விடும் கருவி. அதற்கும் தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு வேண்டும். வேட்டைக்காரர்கள் கொக்கி போட்டு இழுத்த கம்பியைச் சின்னக் குச்சிகள் மேல் கண்டால், தொடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அழையுங்கள்.

கேள்வி: கேமரா வைக்கலாம் என்று இருக்கிறோம். எது, எங்கே? (ஆம்பூர் வாசகர்)

பதில்: அசைவைக் கண்டு தானே படம் எடுக்கும், பேட்டரியில் ஓடும் காட்டுக் கேமரா போதும். வாங்கும்போது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளதாகக் கேளுங்கள். 850 என்றால் இருட்டில் சிவப்புப் புள்ளி தெரிந்து, கேமராவே களவு போகும். நிலத்தின் நடுவில் வைத்துப் பயனில்லை. வண்டி நிறுத்தும் இடம், வேலி ஓட்டை, கானாற்று இறக்கம், இந்த மூன்றில் ஒன்றில் எட்டடி உயரத்தில் சற்றுக் கீழ்நோக்கி, வடக்கு பார்க்க வையுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்தால் வெயில் நேராக விழுந்து படம் வெளுத்துவிடும். எதிரே உள்ள புல்லையும் தொங்கும் கிளையையும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் இலையை ஆயிரம் படம் எடுத்துவிட்டு, ஆள் வரும் நேரத்தில் பேட்டரி தீர்ந்து கிடக்கும். தேதியும் மணியும் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் பாருங்கள்.

ஆள் பதிவானால் மெமரி கார்டைக் கழற்றி, புதுக் கார்டு போடுங்கள். பழையதில் எதையும் அழிக்காமல் உறையிட்டு வையுங்கள். படத்தை நீதிமன்றம் ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவுச் சான்று வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறிக்கப்படும் என்பதால் மூலக் கார்டு மாறாமல் இருப்பது அவசியம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சம்பந்தப்பட்டவர் பார்த்த அன்றே துப்பாக்கி இடம் மாறிவிடும்.